அனாபாவின் வாய்க்கு ஒரு மூடி

அனாபாவைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், கென்வாவுக்கு உடம்பு சரியில்லை என்று எங்கள் ஆட்கள் கஷாயம் வைக்கக் கிளம்பிவிடுவார்கள். அவன் என் அத்தை மகன். எங்களில் அத்தை மகனும் மாமன் மகளும் நேருக்கு நேர் வந்தால் திட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. திட்டாமல் கடந்து போனால்தான், இவர்களுக்குள் என்ன மனத்தாங்கல் என்று கேட்பார்கள். ஆகவே அந்தக் கடமையை முதலில் முடித்துவிடுகிறேன்: அனாபா ஒரு ஓட்டைவாயன், தடிமாடு, என் ஒட்டகங்களுக்கு வாய்த்த தலைவலி. இனி அவன் கதைக்கு வருவோம்.

எங்கள் பாலைவனத்து ஹோகார் மலைப் பக்கம் முகத்தை மூடுவது ஆண்பிள்ளைகள். மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிய துணிக்குள்ளிருந்து அளந்து பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவனைத்தான் பெரிய மனிதன் என்பார்கள். அனாபாவின் முகத்துணியோ எப்போதும் தாடைக்குக் கீழே சுருண்டு கிடக்கும். மேலே ஏற்றினால் பேச்சு சிக்கிக்கொள்கிறதாம். என் அத்தை சொல்வாள், "இவன் அழுதுக்கிட்டுப் பொறக்கல, பேசிக்கிட்டே பொறந்தான். மருத்துவச்சிகிட்ட ஊர்க்கதை கேட்டான்" என்று. பெற்றவளே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய?

வயசு வந்ததும் தமன்ராசெத் டவுனுக்குப் போய் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். எல்லை வரை ஓயாமல் பேசிக்கொண்டே போயிருக்கிறான். திரும்பும்போது டிரைவர் அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பிறகு வடக்கே எரிவாயு வயலில் காவல் வேலை கிடைத்தது. காவல்காரன் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மேலாளரிடம் அரைநாள் வாதாடினான். அந்த வேலையும் போயிற்று. கடைசியில் பேசுவதற்கே கூலி கிடைக்கிற ஒரு தொழிலைக் கண்டுபிடித்துவிட்டான். பாலைவனம் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி!

வாயைத் தவிர மற்றதெல்லாம் அவனிடம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒட்டகத் தடத்தைப் பார்த்து அது நொண்டியா, சினையா, யாருடையது என்று சொல்லிவிடுவான். எந்தப் பாறை இடுக்கில் சுனை வற்றாமல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு வழி தெரியும், எனக்கு ஒட்டகம் இருக்கிறது. என் ஒட்டகங்களை அவனை நம்பி அனுப்ப மனசு வராமல் சமையல்காரியாக நானும் கூடப் போக ஆரம்பித்தேன். இரண்டு கணவர்களை அனுப்பிவைத்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கும் பொழுது போக வேண்டுமே.

அவனுக்குப் பெண் அமையாமலே வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு கல்யாண வீட்டில் ஃபென்னாவைப் பார்த்தான். முன்பல்லில் இடைவெளி, யாரையும் விடாத கேலி. அத்தனை பேர் நடுவில் அவன் வாயைப் பற்றி நின்ற நிலையில் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாள். "காத்தடிச்சாக்கூட மணல் ஓயும், இவன் ஓய மாட்டான்" என்று அதில் ஓர் அடி. கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அனாபா பதில் சொல்ல வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்குப் பதில் வராமல் போனது அன்றுதான். அத்தோடு மனுஷன் தீர்ந்தான்.

ஃபென்னாவுக்கும் அவன்மேல் இஷ்டம்தான். தடை அவள் அம்மா தெகாதித். தெஃபெடெஸ்ட் மலையடியில் வெள்ளாடு மேய்க்கிறவள், கணவன் இறந்த பிறகு தனியாகவே மந்தையைப் பெருக்கியவள். எங்களில் கூடாரம் பெண்ணுடையது. அதற்கான தோல்களைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுப்பவள் பெண்ணைப் பெற்றவள். அவள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை என்றால் கல்யாணம் எங்கே நடக்கும்? அனாபா ஆள் மேல் ஆள் அனுப்பிக் கேட்டான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது: "பையன் நல்லவன்தான். வாய்க்குத்தான் மூடி இல்ல. என் எதிர்ல எப்படி நிப்பான்?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாமியார் எதிரில் மருமகன் வாயைக் காட்டக் கூடாது. சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெயரைச் சொல்லவே கூடாது. அவளும் அவனை நேராகப் பார்க்க மாட்டாள், நேராகப் பேச மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நடுவில் யாரிடமாவது சொல்வார்கள், யாரும் இல்லாவிட்டால் ஆட்டிடமோ அடுப்பிடமோ சொல்வார்கள். அப்படி ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிவதில்தான் சம்பந்தத்தின் கௌரவமே இருக்கிறது. அனாபாவால் அது ஆகுமா என்பதுதான் தெகாதித்தின் கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்த வருஷம் மழை பெய்தது பாருங்கள்! அப்பாடா, என்ன மழை! நாலு வருஷமாக முகம் காட்டாத புல் ஒரே வாரத்தில் முளைத்தது. மணலாறுகளின் இரு கரையிலும் பச்சை. வேலமரமெல்லாம் பூ. எங்கெங்கோ சிதறிக் கிடந்த மந்தைகள் மலையடிக்குத் திரும்பின. ஆட்டுப்பால் நுரைத்துக்கொண்டு வந்தது, ஒட்டகங்களின் திமில் நிமிர்ந்தது. மனுஷர்களுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து ஓரானிலிருந்து ஒரு தம்பதி பாலைவனம் பார்க்க வந்தார்கள். ஹவாரி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓயாமல் கேள்வி கேட்பவர். அவர் மனைவி கெய்ரா எதைப் பார்த்தாலும் "யா ரப்பி!" என்று கையைக் கொட்டுபவள். கடற்கரை ஊர்க்காரர்கள், மணலை இவ்வளவு மொத்தமாகப் பார்த்ததில்லை.

அனாபா அவர்களை வேறெங்கே கூட்டிப் போவான்? "தெஃபெடெஸ்ட் பள்ளத்தாக்கு மாதிரி வேற எடமே கெடையாதுங்க" என்று அரபியில் அடித்துவிட்டான். இரண்டு நாள் நடந்ததும் என்னிடம் குழைந்துகொண்டு வந்தான்.

"மதினி, நீ ஒரு பொழுது முன்னாடியே போயேன். அவங்ககிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லேன்."

"எவங்ககிட்ட?"

"அதான்… அவங்ககிட்ட."

"பேரச் சொல்லுடா."

"சொல்ல மாட்டேன். இப்பவே பழகிக்கிறேன்."

சிரித்துவிட்டேன். "என்னன்னு சொல்லட்டும்? வாய் கிழிஞ்சவன்னா, மூள கிழிஞ்சவன்னா?"

"அமைதியானவன்னு சொல்லு."

"அப்படி ஒரு பொய் சொன்னா என் ஒட்டகமெல்லாம் மலடாப் போகும் கொழுந்தனாரே."

"ஏன், உன் மூஞ்சியப் பாத்து இன்னும் போகலியா?" என்றான். மரியாதை தெரிந்த பையன்.

தெகாதித்தின் முகாமுக்கு நான் போனபோது ஃபென்னா தோற்பையை ஆட்டி மோர் கடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். தெகாதித் எனக்குப் பாய் விரித்தாள். நலம் கேட்டு, மழை கேட்டு, ஆடு கேட்டு, எல்லாம் முடிந்தபின் மெல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, அவன் முன்ன மாதிரி இல்ல. பேச்சக் கொறச்சுட்டான்."

"நீ சொல்ற! அவன நாள் பூரா திட்டுற நீயே சொல்ற!"

"திட்டுறவளுக்குத்தானே தெரியும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, வரட்டும். எப்படி வரான்னு பாப்போம். வாய மூடிக்கிட்டு, தள்ளி நின்னு, ஒழுங்கா வந்தான்னா மேக்கொண்டு பேசலாம்" என்றாள். ஃபென்னா மோர்ப்பையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது. என் தலையில் இருந்தது புது மஞ்சள் முக்காடு, தமன்ராசெத் சந்தையில் வாங்கியது. ஒரு கல் தொலைவிலிருந்து பார்த்தாலும் கென்வா வருகிறாள் என்று தெரியும். தெகாதித் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல துணிடி" என்றாள். கழற்றி அவள் தலையில் போட்டுவிட்டேன். ஒருத்தி நல்லது என்று சொன்னால் கொடுத்துவிடுவதுதானே வழக்கம்? அவளும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே, மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த கழுதையைப் பிடித்துவரப் போனாள். தப்பு என்னுடையது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். சொல்லட்டும், துணி கொடுப்பது குற்றம் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

கீழே கூடாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தாக்கின் வாயில் அனாபா என் ஒட்டகங்களோடு வருகிறான், பக்கத்தில் ஹவாரியும் கெய்ராவும். மேட்டின்மேல் மஞ்சள் முக்காடு, முதுகைக் காட்டி, பக்கத்தில் கழுதையோடு. அனாபாவின் கை உயர்ந்தது. ஹவாரியிடம் அவன் என்ன சொன்னான் என்று பிறகு அவரே சொன்னார்: "அங்க பாருங்க, எங்க மதினி நிக்கிறா. எங்காளுங்க மொறப்பொண்ணுக்கு எப்படி மரியாத பண்ணுவோம்னு இப்பக் காட்டுறேன்."

நான் பதறி எழுந்தேன். அதற்குள் பாறைகளெல்லாம் எதிரொலித்தன.

"ஏ கெழட்டுக் கழுதே! மூஞ்சிய அந்தப் பக்கமே வெச்சுக்க, திருப்பாத! ஒட்டகம் மெரளுது! ரெண்டு புருஷனத் தொரத்துன சமையல இன்னைக்கும் ஆக்கி வெச்சிருக்கியா? விருந்தாளிங்க உசுரோட ஊர் போய்ச் சேரணும்டீ!"

ஹவாரி கை தட்டினார். மஞ்சள் முக்காடு திரும்பியது.

அனாபாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பிறகு முகத்துணியைப் பற்றி மேலே இழுத்தான், இழுத்த வேகத்தில் கண்ணும் மூடிக்கொண்டது. குருடனாய் நின்ற அவனைச் சுற்றி ஒட்டகங்கள் புல்லைப் பார்த்து நகர்ந்தன. எனக்குப் பின்னால் ஃபென்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று அப்போது தெரியவில்லை.

தெகாதித் மெதுவாக மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். திட்டுவாள், கல்லை எடுப்பாள் என்று நினைத்தேன், இரண்டும் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நேராக அனாபாவின் முன்னால் வந்து நின்று, முகத்தை நன்றாகத் திறந்து, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"வா தம்பி. வெயில்ல வந்திருக்க. உக்காரு. மோர் குடிக்கிறியா?"

கெய்ரா உருகிப்போனாள். "என்ன மனசு! அவ்வளவு திட்டியும் மோர் கொடுக்கறாங்களே!" என்று என்னிடம் அரபியில் சொன்னாள். எனக்குப் புரிந்தது வேறு. தம்பி! மருமகனாக வரப்போகிறவனைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு அப்பால் போயிருக்க வேண்டும். கண்ணைப் பார்க்கிறாள், தம்பி என்கிறாள், அவள் எதிரிலேயே குடிக்கச் சொல்கிறாள். வழிப்போக்கனுக்குச் செய்கிற அத்தனை உபசாரமும் நடக்கிறது. நீ எனக்கு யாரும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மோர்க் கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள். "குடி தம்பி. வெளியாளுக்கு என்ன கூச்சம்?"

அனாபா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாக்கு வறண்டு போயிருக்கும், அன்று அப்படி வெயில். முகத்துணியை இறக்கவில்லை. மெல்லத் திரும்பி, கிண்ணத்தை ஹவாரியிடம் நீட்டினான். ஹவாரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

ஃபென்னாவைத் தேடி உள்ளே போனேன். ஒரு மூலையில் சிவப்புச் சாயமேற்றிய தோல்கள் கட்டாக இருந்தன, அவள் அதன்மேல் சாய்ந்து கிடந்தாள்.

"சிரிச்சியா, அழுதியா?"

"ரெண்டும் சித்தி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதெல்லாம் என் கூடாரத்துக்குன்னு அம்மா ஒரு வருஷமா பதம் போட்டுச் சேத்தது. வாய்தான் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, கை தன் பாட்டுக்கு வேல செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப நாளைக்கே இதெலெஸ் சந்தையில கொண்டுபோய் வித்துடப் போறாளாம்."

மறுநாள் அப்படியே ஆயிற்று. நாங்களும் இதெலெஸ் பக்கம்தான் திரும்புகிறோம் என்று தெரிந்ததும், "நானும் கூட வரேன் தம்பி, பேச்சுத் துணையாச்சு" என்று தெகாதித் தோல்கட்டைக் கழுதைமேல் ஏற்றிக் கட்டினாள். ஆடுகளை ஃபென்னா பார்த்துக்கொண்டாள். மணலாற்றின் படுகையிலேயே இறங்கி நடந்தோம், ஒட்டகங்களின் காலுக்கு அதுதான் இதம்.

அந்த நடையை என்னவென்று சொல்வது! தெகாதித் அவன் பக்கத்திலேயே நடந்தாள். "தம்பி, ராத்திரி தூங்குனியா?" "தம்பி, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" "தம்பி, வடக்க சம்பளம் எவ்வளவு குடுத்தாங்க?" அன்பு சொட்டச் சொட்டக் கேட்டாள். ஒவ்வொரு தம்பிக்கும் அவன் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. கண் மட்டும் தெரியும்படி முகத்துணியைக் கட்டியிருந்தான். தரையைப் பார்த்து நடந்தானே தவிர ஒரு சொல் பேசவில்லை. ஹவாரி ஒரு செடியைக் காட்டி இதன் பெயர் என்ன என்றார். பதில் இல்லை. அந்த மலைக்கு என்ன பெயர் என்றார். அதற்கும் பதில் இல்லை.

"உங்க வழிகாட்டிக்குக் காய்ச்சலா?" என்று அவர் என்னிடம் வந்து கேட்டார்.

நான் அவன் பக்கம் போய் வேண்டுமென்றே சீண்டினேன். "என்ன கொழுந்தனாரே, நாக்க ஓநாய் தூக்கிட்டுப் போயிருச்சா? அதுக்கும் வயித்த வலிக்கப் போகுது."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. சம்பந்தம் போய்விட்டது, அது அவனுக்குத் தெரியும். போன பிறகும் அவளை மாமியாராகவே நடத்துகிறானே, இந்த மடையன்!

மத்தியானத்துக்கு மேல் வடக்கே உச்சிமலை கறுத்தது. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில், தூரத்தில் மட்டும் இடி உருண்டது. சட்டென்று காற்று குளிர்ந்தது, அதில் நனைந்த புழுதியின் வாசனை. அனாபா நின்றான். மூக்கை உயர்த்தி மோந்தான். அடுத்த நொடி ஹவாரியின் தோளைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளினான், கெய்ராவின் பையைப் பிடுங்கிக்கொண்டு மேலே கை காட்டினான். எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒட்டகக் கயிறுகளைச் சுருட்டிப் பிடித்து ஓட்டமாய்க் கரையேறினேன். மூச்சு வாங்க மேலே நின்று திரும்பிப் பார்த்தால், தெகாதித் இன்னும் படுகையின் நடுவில்!

கழுதை நின்றுவிட்டது. நான்கு காலையும் மணலில் ஊன்றி நின்ற அதை, தெகாதித் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுக்கிறாள். அதன் முதுகில் ஃபென்னாவின் கூடாரம். அவளுக்கும் இடி கேட்டிருக்கும், நேரம் இருக்கிறது என்று நினைத்தாள் போல. கரை உயரத்தில் நின்ற எங்களுக்கு அவளுக்குத் தெரியாதது தெரிந்தது. மேல் வளைவில், ஆள் உயரத்துக்கு, பழுப்பாக, மரங்களைப் புரட்டிக்கொண்டு வெள்ளம் திரும்பிக்கொண்டிருந்தது.

அனாபா கரை விளிம்புக்குப் பாய்ந்தான். வாயைத் திறந்தான். என்னவென்று கூப்பிடுவான்? பெயரைச் சொல்லக் கூடாது. அத்தை என்று கூப்பிட அவள் விடவில்லை. கண்கள் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கணம் தவித்தான். அப்புறம் அந்த வாய், எங்கள் மலையிலேயே பெரிய அந்த வாய், துணிக்குள்ளிருந்து வெடித்தது.

"ஏ கழுதே! ஏ கழுதே! கயித்த விடு! விட்டுட்டு மேல ஏறு! தோலு போனாப் போகட்டும்! தண்ணி வளைவுல வந்திருச்சு! கழுதே, உன் காலப் புடிச்சுக் கெஞ்சுறேன், ஏறு!"

கயிற்றைப் பிடித்திருந்தது கழுதையா? அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. தெகாதித் தலையை உயர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். கயிறு அவள் தோளிலிருந்து விழுந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாளே, அந்த வயசில் அப்படி ஓட நான் யாரையும் பார்த்ததில்லை. சரிவில் மணல் அவள் காலடியில் சரிந்தது. நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன், அவள் பற்றிக்கொண்டாள். பின்னாலிருந்து அனாபா என் இடுப்பைப் பிடித்து இழுத்தான், முகத்தை முழுக்க வேறு பக்கம் திருப்பிக்கொண்டு! மாமியாரைத் தொடாமலும் பார்க்காமலும் என் வழியாகவே கரையேற்றிவிட்டான். என் விலா மூன்று வாரம் வலித்தது.

வெள்ளம் எங்கள் காலடியில் கர்ஜித்துக்கொண்டு போயிற்று. வேரோடு வேலமரங்கள், நுரை, செத்த ஆடு ஒன்று, எல்லாம் உருண்டன. ஹவாரி "அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்" என்று கத்தினார். கெய்ரா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் அவளைக் கட்டிக்கொண்டு குலவையிட்டேன். தண்ணீர் ஐயா, தண்ணீர்! வரும் வருஷத்துப் புல், பால், வெண்ணெய் எல்லாம் அதில் வருகிறது. ஆளும் பிழைத்து ஆறும் வந்தால் குலவையிடாமல் எப்படி இருப்பது?

"கழுத!" என்று கெய்ரா கை நீட்டினாள்.

எதிர்க்கரையில் நின்றது, காதை ஆட்டிக்கொண்டு. இழுப்பவள் கயிற்றை விட்டதும், இவ்வளவு நேரம் நகர மாட்டேன் என்றது தன் இஷ்டத்துக்கு அந்தப் பக்கம் ஏறிப் போயிருக்கிறது. முதுகில் தோல்கட்டு நூல் பிரியாமல் இருந்தது. அனாபா சொன்ன சொல்லை நேராகக் காதில் வாங்கிக்கொண்டது அந்தக் கழுதை மட்டும்தான்.

தண்ணீர் வடியும்வரை நகர முடியாது. அடுப்பு மூட்டி டீ போட்டேன். எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன். அனாபா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். தெகாதித் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இப்போது பேசுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். தம்பி என்று ஆரம்பித்தாளானால் தீர்ந்தது. உயிரைக் காத்ததற்கு நன்றி தம்பி, நல்லா இரு தம்பி என்று வாழ்த்தி அனுப்பிவிடுவாள்.

அவள் எழுந்தாள். தலையில் இன்னும் என் மஞ்சள் முக்காடு. அதன் முனையை இழுத்து மூக்குக்கு மேலே மூடிக்கொண்டாள். அனாபாவுக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, வெள்ளத்தின் விளிம்பில் போய் நின்றாள். எதிர்க்கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏ கழுதே! காது கேக்குதா? அந்தத் தோலப் பத்திரமா வெச்சிரு! விக்கப் போறதில்ல! குளிருக்கு முன்னாடி தைக்கணும்!"

கழுதை ஒரு காதைத் திருப்பியது.

"அப்புறம் கழுதே! நேத்து மேட்டுல ஒரு தடவ, இன்னைக்கு ஒரு தடவ உன்னக் கூப்பிட்டாரே, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு! நான் இருக்கற எடத்துல டீ குடிக்க வேணாம்! பாறைக்கு அந்தப் பக்கம் போயிக் குடிக்கச் சொல்லு!"

கெண்டி என் கையிலிருந்து நழுவிற்று. அவரு என்றாள்! தம்பி அவர் ஆகிவிட்டார்!

"என்ன சொல்றாங்க?" என்று ஹவாரி என் கையைப் பிடித்து உலுக்கினார். அரபியில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அநியாயம்! உசிரக் காப்பாத்துனவனுக்கு ஒரு டீ குடிக்க விடாம விரட்டுறாங்களே! மூஞ்சியக்கூடக் காட்டலியே!" என்றார். கெய்ரா அனாபாவுக்கு ஆறுதல் சொல்ல எழுந்தாள்.

ஆறுதல் சொல்ல அவன் அங்கே இருந்தால்தானே? டீ தளும்பாமல் கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குனிந்தபடியே, பாறைக்குப் பின்னால் ஓடிவிட்டான். நான் பின்னாலேயே போனேன். டீயைத் தொடாமல் மணலில் வைத்துவிட்டு, பாறையில் முதுகைச் சாய்த்து நின்றான். முகத்துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது நனைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது, ஆனால் நான் அவனுக்கு மதினி. எனக்கென்று ஒரு கடமை இருக்கிறது.

"டேய் ஓட்டைவாயா! தடிமாடே! கழுத காலப் புடிச்சுக் கெஞ்சிப் பொண்ணு வாங்குன மொத ஆளு நீதாண்டா இந்த மலையில! உனக்கு நான் எதுக்குத் தூது, அந்தக் கழுதையே போதுமே!"

அவன் கை பரபரத்தது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பாறைக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டினான், தலையை ஆட்டினான். மாமியார் காதில் விழுகிற தூரம். இனி அங்கே அவன் குரல் எழக் கூடாது.

"என்ன கொழுந்தனாரே, பதில் வரலியா?"

தலை மறுபடி ஆடியது.

பிறந்ததிலிருந்து அவன் என்னைத் திட்டியது அத்தனையையும் அன்று ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளம் வடிகிறவரை கொடுத்தேன். ஒரு வார்த்தை எதிர்ப் பேச்சு இல்லை. முகத்துணிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.